சும்மா போகும் சுமைவண்டி

டெக்சாஸில் டல்லஸ் நகருக்கு வடக்கே ப்ளேனோ, ஃபிரிஸ்கோ, மெக்கின்னி என்று வரிசையாகக் கிடக்கும் புறநகர்களில் வீட்டுக்கு வீடு ஒரு மூர்த்தி எழுந்தருளியிருக்கிறார். கர்ப்பகிருகம் அவருக்கு ஒத்துவராது. காரேஜுக்குள் விட்டால் மூக்கோ முதுகோ வெளியே துருத்தும், கதவு சாத்தாது. அதனால் வாசலிலேயே கோயில்கொண்டுவிட்டார். காலையில் புறப்பாடு. சேவிக்க விரும்புகிறவர்கள் ஏதாவது ஒரு தொடக்கப்பள்ளி வாசலில் போய் நிற்கலாம். இருபது கிலோ எடையுள்ள ஒரு குழந்தையையும் அதன் சாப்பாட்டுப் பையையும் இறக்கிவிடுவதற்காக, இரண்டு டன் எடையுள்ள இரும்பு, ஆறு டன்னை இழுக்கும் வல்லமையோடு, வரிசையில் உறுமிக்கொண்டு நிற்கும். திருநாமம் ஃபோர்டு எஃப்-150. ஷெவர்லே சில்வராடோ, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா என்பவை பிற அவதாரங்கள்.

ஃபோர்டின் எஃப் வரிசைதான் 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப். 2023இல் மட்டும் ஏழரை லட்சம் போயிருக்கிறது. இத்தனை பேரும் செங்கல் சுமக்கிறார்களா, மாட்டுப்பண்ணை வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிடாதீர்கள். அந்த நாட்டில் உழவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறமாட்டார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் சுமக்கும் அதிகபட்சப் பாரம் லேப்டாப்.

இப்படிப்பட்ட மகானுபாவரைப் பாட நம்மிடம் ஒரு முறை இருக்கிறது. பாதத்தில் தொடங்கிக் கேசம் வரை போக வேண்டும். நானும் அப்படியே போகிறேன்.

முதலில் திருவடி. பாறையிலும் சேற்றிலும் ஏறிப்போவதற்கென்று பல்லும் பள்ளமுமாக வார்த்த டயர். அது மிதிப்பதோ சூப்பர் மார்க்கெட்டின் தார்த்தரை. அமெரிக்க வண்டி உரிமையாளர்களை ஆராயும் ஸ்ட்ராடெஜிக் விஷன் என்ற நிறுவனத்தின் கணக்கை 2019இல் வெளியிட்டார்கள். பிக்கப் வைத்திருப்பவர்களில் 70 விழுக்காட்டினர் தார்ச்சாலையை விட்டு இறங்குவது வருடத்துக்கு ஒருமுறை, அல்லது அதுவும் இல்லை. எதையாவது பின்னால் கட்டி இழுப்பதும் அப்படியே: 75 விழுக்காட்டினருக்கு வருடத்துக்கு ஒருமுறை, அல்லது அதுவும் இல்லை. வருடத்துக்கு ஒருநாள் கடா வெட்டுவதற்காக யாரும் தினமும் இடுப்பில் வீச்சரிவாளோடு ஆபீஸ் போவதில்லை. நிஜமாகவே சேற்றில் வண்டி ஓட்டுகிறவர்கள் இந்தப் பளபளப்பு வண்டிகளுக்கு ‘பேவ்மென்ட் பிரின்சஸ்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். தார்ச்சாலை இளவரசி, கால் அழுக்காகாது.

அடுத்து திருப்படி. வண்டி தரையிலிருந்து அத்தனை உயரத்தில் இருப்பதால் ஏறுவதற்குப் படி வேண்டும். கதவைத் திறந்ததும் மின்சாரத்தால் தானே இறங்கிவரும் படிகூட உண்டு. 2009 வாக்கில் ஃபோர்டு பின்கதவான டெயில்கேட்டில் ஒரு மடக்குப் படி வைத்தது. ஆண்பிள்ளைக்குப் படி எதற்கு என்று ஷெவர்லே விளம்பரம் எடுத்துக் கேலி செய்தது. பத்து வருடம் ஆனது. ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஜி.எம்.சி. பிக்கப்பின் டெயில்கேட்டிலேயே படி வைத்து, அதையே புதுமை என்று விற்றது. வீரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வீரர்களின் முட்டிதான் தேய்ந்துவிட்டது.

இனி முதுகு. பிக்கப் என்று ஒன்று பிறந்ததே இந்த முதுகுக்காகத்தான். பின்னால் திறந்த தொட்டி, அதில் சுமை. பழைய எஃப்-150இல் மொத்த நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தொட்டியாகவும் ஒரு பங்கு ஆள் உட்காரும் கேபினாகவும் இருந்தன. இன்று கணக்கு தலைகீழ். நான்கு கதவு, ஐந்து இருக்கை வைத்த குடும்பப் பதிப்பில் வண்டி 19 அடிக்கு மேல் நீளம், தொட்டி ஐந்தரை அடி. அந்த ஐந்தரை அடியையும் மழை படாமல், கீறல் விழாமல், மேலே கவர் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். சுமைவண்டியின் தொட்டியில் சுமை விழுந்துவிடக் கூடாதே!

எந்தத் தச்சருக்கும் தெரிந்த அளவு எட்டுக்கு நாலு பிளைவுட். அதை இந்த மாவீரனின் முதுகில் வைத்தால் பின்கதவைச் சாத்த முடியாது, இரண்டரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதே பலகையைக் கிரைஸ்லர் பசிஃபிக்கா என்ற மினிவேனில், இருக்கைகளைத் தரைக்குள் மடக்கிவிட்டு, கதவைச் சாத்தி, மழையில் நனையாமல் கொண்டுபோகலாம். ஏழு பேரும் உட்காரலாம், குழந்தையைக் குனிந்து இருக்கையில் வைக்கலாம், பக்கத்து வண்டியை இடிக்காமல் கதவை நகர்த்தித் திறக்கலாம், விலையும் குறைவு. ஆனால் அது அம்மாக்கள் ஓட்டும் வண்டி என்று பேர் வாங்கிவிட்டது. அமெரிக்க ஆண்மைக்கு இதைவிடப் பெரிய விபத்து கிடையாது.

முதுகைத் தாண்டினால் குரல். எஞ்சின் சிறிதாகி, டர்போ வந்து, சத்தம் குறைந்ததும் பக்தர்கள் வாடிப்போனார்கள். எகோபூஸ்ட் எஞ்சின் போட்ட எஃப்-150இல் எஞ்சின் உறுமலை ஸ்பீக்கர் வழியாகப் பெருக்கிக் கேபினுக்குள் ஒலிக்க விட்டார்கள். சிங்கத்துக்கு டப்பிங்.

நெஞ்சுக்குள் போனால் தோல் இருக்கை, குளிர்காற்று வீசும் முதுகுப்பட்டை, டிவி அளவுத் திரை. இந்தச் சொகுசுப் பதிப்புகளுக்கு வைத்திருக்கும் பேர்களைப் பாருங்கள்: கிங் ராஞ்ச், லாங்ஹார்ன், லேரியட். எல்லாம் மாட்டுப்பண்ணை, மாடு, மாடு பிடிக்கும் கயிறு. டொயோட்டா ஒருபடி மேலே போய் ‘1794 எடிஷன்’ என்று ஒன்று வைத்திருக்கிறது. 1794இல் தொடங்கிய ஒரு பண்ணை சான் அன்டோனியோவில் இருந்தது. அந்த நிலத்தில்தான் இப்போது டன்ட்ரா தொழிற்சாலை நிற்கிறது. பண்ணையை எடுத்துவிட்டுத் தொழிற்சாலை கட்டி, அங்கே செய்த வண்டிக்குப் பண்ணையின் பேரை வைத்து, பண்ணையே பார்த்திராதவனுக்கு விற்கிறார்கள். 2013இல் ராம் நிறுவனம், அமெரிக்கர்கள் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் சூப்பர் பவுல் இரவில், உழவனின் பெருமை பேசும் இரண்டு நிமிட விளம்பரம் போட்டது. நாடே கண் கலங்கியது. மறுவாரம் ஷோரூமுக்குப் போனவர்களில் உழவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

முகத்துக்குப் போகுமுன் தலபுராணம் சொல்லியாக வேண்டும். அது கோழியில் தொடங்குகிறது.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைக்கோழி மலிவு விலையில் ஐரோப்பாவில் போய் இறங்கியது. மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் சேர்ந்த பொதுச்சந்தை அதன்மேல் வரியை ஏற்றியது. பதிலடியாக 1963 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் நாலு பொருள்கள்மேல் வரி போட்டார்: உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, லைட் டிரக். டிரக்குக்கு 25 விழுக்காடு. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகனுக்கு வைத்த குறி. மற்ற மூன்று பொருள்களுக்கும் பிறகு மன்னிப்புக் கிடைத்தது. டிரக் வரி அறுபது வருடமாக அப்படியே நிற்கிறது. கோழிச்சண்டை முடிந்தது, கோழிகளும் செத்துப்போயின, வரி மட்டும் சிரஞ்சீவி.

இந்த வேலிக்குள் அயல்நாட்டுச் சின்னப் பிக்கப் நுழைய முடியவில்லை. சுபாரு தன் குட்டிப் பிக்கப்பின் தொட்டியில் பின்பார்த்த இரண்டு பிளாஸ்டிக் இருக்கை பொருத்தி, இது பயணிகள் வண்டி என்று சொல்லி உள்ளே கொண்டுவந்தது. அந்த வரியில் வளர்ந்த ஃபோர்டே, துருக்கியில் செய்த தன் டிரான்சிட் கனெக்ட் வேன்களில் பின்னிருக்கை மாட்டிப் பயணிகள் வண்டி என்று இறக்கி, சுங்கம் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றியது. இதனால் எழுந்த வழக்கைத் தீர்க்க 2024இல் 365 மில்லியன் டாலர் கட்டச் சம்மதித்தது. வேலி கட்டியதும் இவர்களுக்காக, வேலி தாண்டியதும் இவர்களே.

அடுத்த வரம் எண்ணெயில் கிடைத்தது. 1973இல் அரபு நாடுகள் குழாயை மூட, அமெரிக்கா பெட்ரோல் பங்க்கில் வரிசை நின்றது. 1975இல் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது: வண்டிகள் ஒரு காலனுக்கு இத்தனை மைல் ஓட வேண்டும். காருக்கு ஒரு கணக்கு, லைட் டிரக்குக்குத் தனிக் கணக்கு. பாவம், டிரக் என்பது உழவனும் கொத்தனாரும் வைத்திருப்பது, அவர்கள் வயிற்றில் அடிக்கக் கூடாது. நல்ல எண்ணம்தான். 1990களின் பிற்பகுதியில் காருக்கு 27.5 மைல், டிரக்குக்கு 20.7 என்று நின்றது. பெட்ரோல் குடிக்கும் காருக்குத் தனி வரி 1978இல் வந்தது. அதிலும் டிரக்குக்கு விலக்கு. பிறகு வந்த விதியோ இன்னும் அழகு. நான்கு சக்கரங்களுக்கு நடுவே உள்ள பரப்பு கூடக் கூட, எட்ட வேண்டிய மைல் குறையும். மெலிந்தவனுக்குப் பத்தியம், பெருத்தவனுக்குப் பாயசம். வண்டிகள் ஏன் பெருத்தன என்று வியக்கிறவர்கள் அந்த விதியைப் படித்தால் போதும்.

மூன்றாவது வரம் வருமான வரி. மொத்த எடைத் தகுதி 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டியைத் தொழிலுக்கு என்று வாங்கினால் கழிவு. 2003இல் அந்தக் கழிவை 1,00,000 டாலராக உயர்த்தினார்கள். பல் வைத்தியரும் வீட்டுமனைத் தரகரும் ஹம்மர் எஸ்.யூ.வி. வாங்கினார்கள். வெட்கம் வந்து 2004இல் எஸ்.யூ.வி.களுக்கு 25,000 டாலர் என்று வரம்பு கட்டினார்கள். தொட்டி ஆறடி இருக்கும் பிக்கப்புக்கு மட்டும் அந்த வரம்பு கிடையாது. மறுபடியும் அதே உழவன், அதே கொத்தனார், அதே கண்ணீர்.

2025 ஜூலையில் கடைசி வரம் அருளப்பட்டது. எரிபொருள் சிக்கன விதியை மீறினால் கட்ட வேண்டிய அபராதம் பூஜ்யம் என்று சட்டம் ஆயிற்று. விதி இருக்கிறது, தண்டனை இல்லை. இனிமேல் அது சட்டப் புத்தகத்தில் இருக்கும் வெண்பா.

இதெல்லாம் முதலாளிகளுக்கு எப்படிப் பலித்தது? போட்டி இல்லை, விதி இல்லை, லாபம் மட்டும் கொழுத்தது. 2018 ஏப்ரலில் ஃபோர்டு, முஸ்டாங் உட்பட இரண்டைத் தவிர அமெரிக்காவில் கார் விற்பதையே படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதே வருடம் சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகர் ஆலையில் செய்த எகோஸ்போர்ட் என்ற குட்டி வண்டி அமெரிக்கக் கடைகளில் இருந்தது என்பதை நம்மில் பலர் மறந்திருப்போம். அதுவும் அங்கே பெரிதாக எடுபடவில்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. ஆலை ஓய்ந்தது, ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள், எகோஸ்போர்ட்டின் அமெரிக்கப் பயணமும் முடிந்தது. அந்த ஆலை மூடியதற்குக் காரணங்கள் பல. ஆனால் சின்ன வண்டி செய்கிறவனுக்கு அந்தப் பெரிய சந்தையில் இடமில்லை என்ற பாடத்தை மறைமலை நகர் சம்பளம் இழந்து படித்தது.

உழைக்கிறவனுக்கு நிஜமாகவே எது தேவை என்பதற்கு ஜப்பானில் விடை இருக்கிறது. கெய் டிரக் என்பார்கள். நம்மூர்க் குட்டியானையின் ஒன்றுவிட்ட தம்பி. 660 சி.சி. எஞ்சின், சட்டப்படி 3.4 மீட்டருக்குமேல் நீளக் கூடாது. ஆனால் தொட்டி ஆறடியைத் தாண்டும். ஆமாம், எஃப்-150இன் குடும்பப் பதிப்பைவிட நீளம். 25 வருடம் பழையதானால் அமெரிக்காவில் இறக்குமதி செய்யலாம் என்பதால் சில விவசாயிகளும் தோட்டக்காரர்களும் ஆசையாகக் கொண்டுவந்தார்கள். ஜார்ஜியா, மெய்ன் போன்ற மாநிலங்கள் பதிவு தர மறுத்தன. டெக்சாஸும் மறுத்துவிட்டு, கூச்சல் எழுந்த பிறகு 2024இல் இறங்கிவந்தது. மறுத்ததற்குச் சொன்ன காரணம் பாதுகாப்பு. அந்தச் சின்ன வண்டி யாருக்கு ஆபத்து? அதில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான். ஏன் ஆபத்து? எதிரே வருவது எஃப்-150. கொல்லக்கூடியதை விட்டுவிட்டுச் சாகக்கூடியதைத் தடைசெய்யும் சட்டத்துக்குப் பேர் சாலைப் பாதுகாப்பு.

சரி, முகத்துக்கு வந்துவிட்டோம். இத்தோடு வேடிக்கை முடிந்தது.

ஒரு கனரகப் பிக்கப்பை வடிவமைத்த குழுவைச் சேர்ந்தவர், முன்னால் நிற்பவனைப் பிடிக்க வருவது போல அது தோன்ற வேண்டும் என்பதற்காகத் தாங்கள் நிறைய நேரம் செலவிட்டதாகப் பெருமையோடு சொல்லியிருக்கிறார். அவர்கள் உழைப்பு வீண்போகவில்லை. ஃபோர்டின் அடுத்த பெரிய அவதாரமான எஃப்-250இன் பானெட் தரையிலிருந்து 55 அங்குலம். சில கார்களின் கூரையே அந்த உயரம்தான். எட்டு வயதுக் குழந்தை அதன் முன்னால் நின்றால் உச்சந்தலை பானெட்டுக்குக் கீழே போய்விடும். ஓட்டுநருக்குத் தெரிவது பானெட், அதற்கப்பால் தெரு, அதற்கப்பால் வானம். நடுவில் குழந்தை இல்லை. நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அளந்து பார்த்து, சில பிக்கப்புகளின் முன்பக்கக் குருட்டுப் பகுதி காரைவிட 11 அடி வரை நீளமானது என்று 2021இல் எழுதியது. பதினோரு அடியில் ஒரு நர்சரி வகுப்பையே உட்கார வைக்கலாம்.

காரின் தாழ்ந்த மூக்கு காலில் மோதும். ஆள் பானெட்மேல் சாய்வார், எலும்பு முறியும், பிழைக்க வழியுண்டு. பிக்கப்பின் செங்குத்து முகம் பெரியவர் மார்பிலும் குழந்தையின் தலையிலும் மோதும். ஆளை மேலே தூக்காது, முன்னால் தள்ளிச் சக்கரத்துக்குக் கீழே அனுப்பும். காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வகம் ஏறத்தாழ 18,000 விபத்துகளை ஆராய்ந்து 2023 நவம்பரில் முடிவைச் சொன்னது. 30 அங்குலத்துக்கு மேற்படாத உயரமும் சாய்ந்த மூக்கும் கொண்ட வண்டியோடு ஒப்பிட்டால், 40 அங்குலத்துக்கு மேல் பானெட் உயர்ந்த வண்டி மோதும்போது நடப்பவர் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதல். 2009இல் அமெரிக்கச் சாலைகளில் வண்டி மோதி இறந்த பாதசாரிகள் 4,100 பேர். 2022இல் 7,500க்கும் மேல். அகலச் சாலை, வேகம், கைப்பேசி, விளக்கில்லாத இரவு எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. பிக்கப் ஒன்றே கொலையாளி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொலைக்களத்தில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவனை வேடிக்கை பார்த்தவன் என்றும் எழுத முடியாது.

பின்னால் எடுக்கும்போது குழந்தைகள் சாகின்றன என்று 2008இல் சட்டம் வந்தது. பத்து வருடம் இழுத்தடித்து 2018 மே மாதம் முதல் எல்லாப் புது வண்டிக்கும் பின்கேமரா கட்டாயமானது. இப்போது வண்டி முன்னால் நகரும்போதே குழந்தை தெரியவில்லை. முன்கேமரா கட்டாயமில்லை. விலை கூடிய பதிப்பில் கிடைக்கும், தோல் இருக்கையோடும் குளிர்காற்றோடும் சேர்த்து. தன் பிள்ளையைத் தன் வாசலிலேயே நசுக்காமல் இருப்பது ஒரு சொகுசு வசதி, தனியாகக் காசு. பாதசாரியின் தலை பானெட்டில் மோதினால் என்ன ஆகும் என்று சோதிக்க ஐரோப்பா இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சட்டம் போட்டுவிட்டது. அமெரிக்க அரசு அப்படி ஒரு விதியை முன்மொழிந்ததே 2024 செப்டம்பரில். மறுவருடம் ஐரோப்பாவோடு செய்த வர்த்தக உடன்பாட்டில், ஒருவர் வண்டித் தரத்தை மற்றவர் ஏற்றுக்கொள்ளலாம் என்று எழுதிவைத்தார்கள். இனி ப்ரஸ்ஸல்ஸ் குழந்தைகளுக்கும் இந்தத் தரிசனம் கிடைக்க வழி பிறக்கும்.

இவ்வளவையும் வாங்கியவரிடம் எடுத்துச் சொல்லிப் பாருங்கள். ஒரே ஒரு பதில்தான் வரும். அதைத் தமிழிலும் கேட்கலாம். டல்லஸ் பக்கத்துக் கோயில் பார்க்கிங்கில் இரண்டு கோட்டையும் மிதித்து வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும் நம்மவர் சொல்வார்: “ஃபேமிலிக்கு சேஃப்டிங்க அண்ணா.” அவரை நான் கேலி செய்ய மாட்டேன். முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் மலைகள் ஓடும் நெடுஞ்சாலையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டுகிற தகப்பனுக்குப் பயம் இருக்கும். ஆனால் அந்தச் சேஃப்டி எங்கிருந்து வருகிறது என்று அவர் ஒரு நிமிடம் யோசிக்கலாம். கடையில் வாங்கியதல்ல அது. எதிரே சின்னக் காரில் வருபவரிடமிருந்தும், சைக்கிளில் போகும் ஓட்டல் தொழிலாளியிடமிருந்தும், பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் கிழவியிடமிருந்தும் பிடுங்கியது. நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் இதைவிடப் பெரியது வாங்குவார், அப்போது இவருடைய சேஃப்டியைப் பிடுங்குவார். அதற்குள் மின்சார ஹம்மர் வந்துவிட்டது: 4,000 கிலோவுக்கு மேல், பேட்டரி மட்டுமே ஒரு ஹோண்டா சிவிக் கார் கனம். சுற்றுச்சூழலைக் காப்பாற்ற வந்த வண்டி, சூழ்ந்திருப்பவர்களைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

இந்தப் பயத்துக்குக் கொடுக்கும் விலையும் சின்னதல்ல. புதுப் பெரிய பிக்கப் சராசரியாக 60,000 டாலரைத் தாண்டிவிட்டது. அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானமே 80,000 சொச்சம். ஆறு வருடம், ஏழு வருடம் என்று கடன். சுமைவண்டி எதையும் சுமப்பதில்லை, வாங்கியவன்தான் அதைச் சுமக்கிறான்.

நிஜமாகச் சுமக்கிறவர்களைப் பார்க்க வேண்டுமா? டல்லஸில் ஆலங்கட்டி மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கூரை மாற்ற வரும் மெக்சிகோக்காரர்களைப் பாருங்கள். பழைய பிக்கப், நீளத் தொட்டி, பெயின்ட் உதிர்ந்த கதவு, மேலே ஏணி, பின்னால் ஓட்டுச் சுமை. அந்த மனிதன் பேரைச் சொல்லித்தான் அறுபது வருடமாக இவ்வளவு சலுகையும் வாங்கினார்கள். அவனுக்கு வேண்டிய எளிய, நீளத்தொட்டி வண்டியைக் கடையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். வாசலில் வரிசையாக நிற்பதெல்லாம் தோல் இருக்கைக் குடும்ப வண்டி. அவனுக்கு என்று வாங்கிய வரத்தால் அவனுக்குக் கிடைத்தது, விலையேறிய வண்டியும், பள்ளிக்கு நடந்துபோகும் அவன் பிள்ளைக்கு எதிரே ஒரு இரும்புச் சுவரும்.

இதற்குப் பரிகாரம் தெரியாமல் இல்லை. வாஷிங்டன் நகரம் 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொந்த வண்டிக்கு வருடம் 500 டாலர் பதிவுக் கட்டணம் வைத்திருக்கிறது. பாரிஸ் மக்கள் 2024இல் வாக்களித்து, வெளியூர்க் கனத்த வண்டிகளுக்கு நகர மையத்தில் மணிக்கு 18 யூரோ பார்க்கிங் என்று முடிவு செய்தார்கள். யாருடைய ஆண்மையும் இதனால் குறைந்ததாகச் செய்தி இல்லை. எடைக்குத் தகுந்த வரி, பானெட் உயரத்துக்கு ஒரு வரம்பு, முன்பக்கம் தெரிந்தாக வேண்டும் என்று ஒரு விதி, கோழிக்குப் போட்ட வரிக்கு ஒரு கருமாதி. கூரைக்காரனும் உழவனும் தொழிலைக் காட்டிக் கழிவு வாங்கிக்கொள்ளட்டும், யார் தடுத்தார்கள்? மற்றவர்கள் முழு விலையைக் கட்டட்டும், சாலைக்கும் காற்றுக்கும் அடுத்தவன் பிள்ளைக்கும் சேர்த்து.

டிரக் என்று சொல்லிச் சலுகை வாங்கியது சுமக்கட்டும். சுமக்க மாட்டேன் என்றால் வரியைச் சுமக்கட்டும். அதுவும் முடியாது என்றால், செத்த குழந்தைகளின் பெயர்களை அந்த மின்னும் டெயில்கேட்டில், கிங் ராஞ்ச் என்ற எழுத்துக்குப் பக்கத்தில், அதே அளவில் பொறித்து விற்கட்டும். பண்ணையின் பேரைப் போட்டுக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு இதற்கு இடமில்லாமலா போகும்?